இரண்டு துளை போட்ட தலையணை உறை

முதலில் எலி என்றுதான் நினைத்தேன். துவைத்துக் காயப்போட்ட தலையணை உறையில் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு துளை. வாவிக்கரை வீடுகளில் எலிக்கு என்ன பஞ்சம்? திட்டிக்கொண்டே மடித்து வைத்தேன். அடுத்த கிழமை இன்னொரு உறையிலும் அதே இரண்டு துளை, அதே இடைவெளியில். நான் தையற்காரி. இருபத்தைந்து வருடமாக இந்த ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறேன். பல்லால் கடித்த துணிக்கும் கத்திரிக்கோலால் வெட்டிய துணிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். எலி கத்திரிக்கோல் பிடிப்பதில்லை.

வீட்டில் இருந்தது நானும் அப்பாவும்தான். அம்மா போய் ஆறு வருடம். நான் கல்யாணம் கட்டவில்லை. அது வேறு கதை, அதில் சுவாரசியமும் இல்லை. அப்பாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மறதி வந்து இரண்டு வருடமாகியிருந்தது. முதலில் பல்செட்டை மறந்தார், பிறகு கிணற்றடிக்குப் போகும் வழியை மறந்தார், பிறகு என்னை. "நீங்க எந்த வீட்டுப் புள்ள?" என்று மரியாதையாகக் கேட்பார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த மரியாதையைத்தான் பொறுக்க ஏலவில்லை. மறதியோடு தலையும் இலேசாக ஆடத் தொடங்கியிருந்தது. யாரோ ஏதோ கேட்க, ஓம் ஓம் என்று சொல்வதுபோல மேலும் கீழுமாக ஆடும். சாப்பிடும்போது ஆடும், சும்மா இருக்கும்போதும் ஆடும்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்து வளவுக்குச் சட்டை கொடுத்துவிட்டு வந்தேன். படலையைத் திறந்ததும் யன்னலுக்குள் பார்த்தேன். யன்னலோரக் கதிரையில் ஒரு ஆள் இருந்தது. தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் தலையணை உறை, அதில் இரண்டு துளை, துளைக்குள் இரண்டு கண். கண்கள் என்னைப் பார்த்தன. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கையில் இருந்த அளவு நாடா விழுந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்துத்தான் அப்பா என்று தெரிந்தது. இரண்டு கையாலும் உறைக்கு மேலாலே வாய்க்குக் கீழே தன் நாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். துளைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நீ என்ட மகள். தைக்கிற புள்ள. ஏன் வரிசையில நிக்காய்? வீட்டுக்குப் போ மனே."

நாலு மாதத்துக்குப் பிறகு அப்பா என்னை மகள் என்று சொன்னது அன்றுதான். உறையைக் கழற்றினேன். வியர்த்துப்போயிருந்த முகம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "நீங்க எந்த வீட்டுப் புள்ள?" என்றார்.

இனி ஒரு பழைய விசயத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல ஏலாது.

அப்பா தபால்காரர். படுவான்கரையில் எங்கள் ஊரும் பக்கத்து மூன்று ஊர்களும் அவருடைய சைக்கிளின் கீழ். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருடைய மகன் எந்த நாட்டில், எவனுக்கு எவள் கடிதம் போடுகிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்றோம். மைதானத்து நடுவில் ஒரு ஜீப். ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஒரு ஆள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு துளை. ஆண்கள் ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார்கள். சாக்குத் தலை சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் மற்றப் பக்கம். அப்படி ஆள் காட்டுகிறவனைத் தலையாட்டி என்பார்கள். அன்று மற்றப் பக்கம் போனவர்களில் ஒருவரும் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

அப்பாவை அதற்கு இரண்டு நாளைக்கு முன்னரே தபால் பையோடு வழியில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சுற்றிவளைப்பு முடிந்த அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தார். அம்மா தண்ணீர் சுடவைத்துக் கொடுத்தா. ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊரில் எல்லா முகமும் தெரிந்தவன் தபால்காரன். எந்த மடையனுக்கும் விளங்குகிற கணக்கு அது. எனக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

அதற்குப் பிறகும் மூன்று கிழமை நடந்தே கடிதம் கொடுக்கப் போனார். போகும் வழியெல்லாம் மற்றப் பக்கம் போனவர்களின் வீட்டுப் பெண்கள் படலைக்கு வந்து, "கடிதம் இரிக்கா?" என்று கேட்டார்கள். எங்கேயாவது ஒரு சிறையில் இருந்து மகன் எழுதுவான் என்று நம்பினார்கள். அப்பா யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி, புளியந்தீவில் கவுண்டர் வேலைக்கு மாறிப்போனார். சைக்கிளைத் திரும்ப வாங்கவே இல்லை. தலைக்கு மேலாலே இழுத்துப் போடும் பெனியனைக்கூட அதற்குப் பிறகு அவர் போட்டதில்லை, பொத்தான் சேட்டுத்தான். கல்யாண வீட்டில் எங்களுக்கு முதல் மரியாதை இருந்தது, வெற்றிலைத் தட்டு முதலில் எங்களிடம்தான் வரும். ஆனால் நாங்கள் போய் இருந்தால் பக்கத்தில் கதை நின்றுவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். ஒரு ஊரே சேர்ந்து மறைத்தால் மறைக்கலாம்.

ஆகவே தலையணை உறையைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடமாக விளங்காமல் வைத்திருந்தது ஒரு மத்தியானத்தில் விளங்கியது.

நல்ல மகள் என்றால் என்ன செய்திருப்பாள்? உறைகளை ஒளித்து வைத்திருப்பாள், கத்திரிக்கோலைப் பூட்டியிருப்பாள். நான் செய்தது வேறு. அடுத்த நாள் அப்பா உறையோடு இருக்கும்போது பக்கத்தில் போய் இருந்தேன். உறை போட்டால் அவருக்கு எல்லாம் தெரிந்தது. என்னைத் தெரிந்தது, அம்மா செத்தது தெரிந்தது, நான் சின்னதில் வாவிக்குள் விழுந்தது தெரிந்தது. கழற்றினால் ஒன்றுமில்லை. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. அந்தத் துளைக்குள்ளால் பார்க்கும்போது ஆட்களை அடையாளம் பிடித்தே ஆகவேண்டும் என்று அவருடைய மூளையில் எங்கோ ஆழமாகப் பதிந்திருக்கலாம்.

"நூல் கண்ணுக்க குத்துது மனே" என்றார் ஒருநாள்.

நான் உறையை வாங்கி, மெசினில் வைத்து, இரண்டு துளைக்கும் சுற்றிவர ஓரம் மடித்துத் தைத்தேன். வாடிக்கைக்காரருக்குக் கொடுப்பதுபோல நூல் நுனிகளை வெட்டிச் சுத்தமாகக் கொடுத்தேன். அப்பா என்னை மகள் என்று கூப்பிடவேண்டும், எனக்கு அது போதும் என்றிருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் செய்தது செய்ததுதான்.

கச்சான் காற்று வீசுகிற மாதம். மத்தியானத்தில் படலைக்கு வெளியே எங்கள் ஒழுங்கையில் மணல் மட்டும் ஓடும். அப்பா யன்னலோரம் உறையோடு இருப்பார், நான் மெசினில் இருப்பேன். "மேசன்ட மூத்தவன் வாறான்" என்பார். எட்டிப் பார்ப்பேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. "தோணிக்காரன்ட மருமகன்" என்பார். ஒருவரும் இல்லை. பெயரை விட்டுவிட்டு வீட்டைச் சொல்வது தபால்காரர் வழக்கம். அந்த வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் அன்று மற்றப் பக்கம் போனவர்களின் வீடுகள்.

"எதுக்கு அப்பா அவங்க வாறாங்க?" என்று கேட்டேன்.

"கடிதம் தாறாங்க. வீட்ட குடுக்கச் சொல்லி. என்னட்ட சைக்கிள் இல்லியே மனே."

அதைச் சொல்லும்போது நாடியைப் பிடித்த கை நழுவியது. கை தளர்ந்தால் தலை ஆடும். தலை ஆடினால், "ஐயோ ஆடிட்டு, ஆடிட்டு" என்று முனகி மறுபடி பிடிப்பார். அப்போதுதான் எனக்கு மற்றதும் விளங்கியது. நோயால் ஆடுகிற தலையை அவர் தலையாட்டுவதாக நினைத்தார். ஒழுங்கையால் போகிற ஒவ்வொருவரையும் தான் காட்டிக்கொடுப்பதாக நினைத்தார். அதற்காகத்தான் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம் அப்படிப் பிடித்தபடி இருப்பார்; பின்னேரம் சோற்றை உருட்டக் கை வராது.

யன்னலுக்குள் இருப்பதை ஊரும் கண்டுவிட்டது. முதலில் தயிர்க்காரர் வருவது நின்றது. பிறகு ரியூசன் பிள்ளைகள் வட்டைப் பக்கத்து வயல் வரம்பால் சுற்றிப் போனார்கள். சட்டை வாங்க வருகிறவர்கள் படலையில் நின்று கூப்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர்வாய் தானாகவே மூடிக்கொண்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு எங்கள் ஒழுங்கையில் உயிரோடு இருக்கிறவர்கள் நடக்கவில்லை. அப்பாவுக்குக் கடிதம் கொண்டு வருகிறவர்கள் மட்டும்தான் நடந்தார்கள்.

மறதிக்கும் நடுக்கத்துக்கும் பார்க்கிற பெரிய டொக்டர் அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. துண்டு எழுதித் தந்து வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். இருட்டு விலகமுன் வெள்ளாப்பில் வெளிக்கிட்டு, செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறி, நாலு மணித்தியாலம். ஆஸ்பத்திரிச் சுவரில் போர்டுகள் மூன்று மொழியிலும் இருந்தன. போர்டு வாய் திறந்து பேசாது. பேசுகிற எல்லாருக்கும் சிங்களம் மட்டும்தான் தெரியும். எனக்குச் சிங்களத்தில் பஸ்ஸை நிறுத்தத் தெரியும், விலை கேட்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

எங்களுக்கு முன்னால் ஒரு சிங்களக் கிழவியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போனார்கள். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. டொக்டர் எதையோ கேட்கிறார், கிழவி கதை சொல்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், மறுபடி கேட்கிறார். இருபது நிமிடம் இருக்கும். அந்தக் கிழவியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாருக்கும் கிடைக்கவேண்டியது அவளுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

எங்களுக்கு நாலு நிமிடம். டொக்டர் இளம் ஆள், களைத்த முகம், நல்ல மனிதர். சிங்களத்தில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார், கடைசியில் கையால் கேட்டார். கண்ணைத் தொட்டு, வெறும் காற்றைக் காட்டி, இல்லாத ஆட்களைக் காண்கிறாரா என்றார். அப்பாவின் தலை ஆடியது. காதைத் தொட்டுக் காட்டினார். தலை ஆடியது. கையை ஓங்கிக் காட்டி, அடிக்கிறாரா என்றார். அதற்கும் தலை ஆடியது. ஒரு பூனைக்குக்கூட அடித்தறியாத மனிசன். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். டொக்டர் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். அப்பாவை மறைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதினார்.

வெறுப்பு என்றால் சண்டை பிடிக்கலாம். எனக்குச் சண்டை பிடிக்க நன்றாக வரும். அந்த அறையில் வெறுப்பு இல்லை. அவருக்கு என் பாசை இல்லை, எனக்கு அவருடையது இல்லை, நடுவில் நிற்கவேண்டிய ஆளின் கதிரை வெறுமையாக இருந்தது. கதிரையோடு யார் சண்டை பிடிப்பது?

மருந்து எடுக்கும் வரிசையில் ஏறாவூர் முஸ்லிம் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றா. தன் தாயைக் கூட்டி வந்திருந்தா. "நாங்க மருமகனக் கூட்டிக்கி வந்திரிக்கம். அவரு கொழும்புல கடையில நிண்டவரு, பாசை தெரியும். நீங்களும் ஆரையாவது கூட்டி வரணும் புள்ள. இல்லாட்டி மாட்டு டொக்டருக்கிட்ட போன கதைதான்" என்றா. சிரிப்பு வந்தது. மாட்டு டொக்டராவது மாட்டைத் தொட்டுப் பார்ப்பார் என்று சொன்னேன்.

அன்று தந்த குளிசையை விழுங்கத் தொடங்கி ஒரு கிழமையில் அப்பா மரம்போல ஆனார். கை மடங்கவில்லை. விழுங்கினால் புரையேறியது. தலை மட்டும் முன்னைவிட மூன்று மடங்கு ஆடியது. மடங்காத கையால் நாடியைப் பிடிக்கவும் ஏலவில்லை. உறைக்குள்ளிருந்து அழுகிற சத்தம் கேட்டது.

"கட்டிவிடு மனே. தலையக் கதிரையோட கட்டிவிடு. ஆடினாப் புடிச்சிருவானுகள்."

இரண்டு நாள் மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் துவாயை எடுத்து, நெற்றிக்குக் குறுக்கே கொடுத்து, கதிரைச் சட்டத்தோடு கட்டினேன். அப்போதுதான் அழுகை நின்றது. மத்தியான வெயில், காற்று, கதிரையோடு கட்டிய வெள்ளைத் தலை. படலைக்கு வெளியே நின்று பார்த்தால் என் வீடு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நானே அந்த ஒழுங்கையால் போயிருக்கமாட்டேன்.

இப்படியே விட்டால் இந்தக் குளிசையிலேயே ஆள் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. மாதக் கடைசியில் மறுபடி கிளினிக். இந்த முறை எப்படியாவது சொல்லிவிடவேண்டும் என்று போனேன். வாசலில் நின்ற நேர்ஸிடம் "தமிழ், தமிழ்" என்று கையைக் கூப்பினேன். அவ உள்ளே போய், ஒரு அட்டென்டன் பெண்ணைக் கூட்டி வந்தா. இளஞ்சிவப்புச் சட்டை, கையில் நிலம் துடைக்கிற துணி. என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும்.

"அக்கா, நீங்க எந்த ஊர்?" என்றா, எங்கள் இழுவையிலேயே.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. ஊரைச் சொன்னேன். அவ தன் வீட்டைச் சொன்னா. தோணிக்காரன் வீடு. இந்தப் பக்கம் கல்யாணம் கட்டி வந்து பதினெட்டு வருடமாம். குளிர்ந்த மனம் அப்படியே உறைந்துவிட்டது. மேசன் வீட்டிலிருந்து ஒருவன் போனான் என்றால் தோணிக்காரன் வீட்டிலிருந்து இருவர் போனார்கள், மருமகனும் மகனும். மகன் இவளுடைய அண்ணன்.

மற்றவர்கள் தங்கள் வீட்டு நோயைத் தங்கள் வாயால் டொக்டருக்குச் சொல்கிறார்கள். நான் என் அப்பா செய்ததை, அதனால் அண்ணனை இழந்தவளின் வாயால் சொல்லவேண்டும்.

உள்ளே போனோம். அதே டொக்டர். அட்டென்டன் பெண் மேசைக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றா. அப்பா உறை இல்லாமல் இருந்தார், தலை ஆடிக்கொண்டிருந்தது. டொக்டர் கேட்டார், அவ தமிழில் என்னிடம் கேட்டா: "வீட்டுல வித்தியாசமா என்ன செய்றார் எண்டு கேக்கிறார்."

"தலையணை உறையத் தலையில போட்டுக்கிறார்."

"ஏனாம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நுளம்பு கடிக்குமெண்டு" என்றேன்.

அவ அதைச் சொன்னா. டொக்டர் எழுதினார். தலை ஆட்டம் எப்போதிருந்து, அதற்கு அவர் பயப்படுகிறாரா என்று கேட்டார். "பயம் ஒண்டுமில்ல" என்றேன். டொக்டர் பழைய குளிசையின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். ஒன்று இரண்டாகப் போகிறது. கை மடங்கவில்லை என்று சொன்னால், அந்தக் கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்றும் சொல்லவேண்டி வரும். அப்பாவை நானே கொல்லப்போகிறேன் என்று தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

அப்போது அப்பா அவள் பக்கம் கிறுகிப் பார்த்தார். உறை இல்லாமலே அவளைப் பார்த்தார், நெடுநேரம்.

"நீ தோணிக்காரன்ட கடைசிப் புள்ள" என்றார். "உன்ட அண்ணன் கடிதம் தந்தவன் மனே. நான்தான் கொண்டு வரல்ல."

டொக்டர் அவளைப் பார்த்தார், என்ன சொன்னார் என்று. அவளுடைய கை நிலம் துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"பரவாயில்ல தபால் மாமா" என்றா. "மறுகா ஒருநாளைக்குக் கொண்டாங்க."

பிறகு டொக்டர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பேசத் தொடங்கினா. அவர் கேட்டதற்கு அவ்வளவு நீளமான பதில் இல்லை. அவ நிறுத்தவில்லை. சத்தம் உயரவில்லை, அழவும் இல்லை. வார்ட்டில் எத்தனை கட்டில் வெறுமை என்று சொல்வதுபோலச் சொன்னா. எனக்கு இடைக்கிடை ஒவ்வொரு சொல் பிடிபட்டது. தபால். பள்ளிக்கூடம். ஜீப். அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்குத் தெரியும். அது மூன்று தரம் வந்தது. கடைசியில் தன் கையால் தன் நாடியைப் பிடித்துக் காட்டினா. அப்பா நாடியைப் பிடிப்பதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அப்பாவின் முழங்கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நடக்கவைத்துப் பார்த்தார், நாடிக்குக் கீழே கையை வைத்து அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பழைய குளிசையை இரண்டு கோடு போட்டு வெட்டி, வேறொன்று எழுதினார். இந்த வகை மறதிக்காரருக்கு அந்தக் குளிசை ஆகாதாம். உடம்பை இறுக்கும், ஆட்டத்தைக் கூட்டும், விழுங்க விடாதாம். இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் சொன்னதை அவ எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

வெளியே விறாந்தையில் அப்பாவை வாங்கில் இருத்தினேன். அவளுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. "எப்பிடித் தெரியும் தங்கச்சி?" என்றுதான் கேட்டேன்.

"அண்டைக்கு ஜீப்புக்குள்ளயும் நாடியப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தார். கண்ணு தெரிஞ்சதுதானே அக்கா. ஒவ்வொருநாளும் படலையில கண்ட கண்ணு. எங்கட அம்மாக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அவரையும் என்ன செஞ்சுபோட்டுக் கொண்டாந்து இருத்தினானுகளோ எண்டு அம்மா சொல்லுவா. ஒங்களுக்குத் தெரியாது எண்டுதான் நாங்க நெனச்சிருந்த."

அவ குனிந்து வாளியை எடுத்தா.

"அடுத்த முறை நீங்களே சொல்லுங்க அக்கா. எனக்கு இன்னொருதரம் சொல்ல ஏலா."

இரண்டு கிழமையில் அப்பாவின் கை மடங்கியது. சோறு இறங்கியது. ஆட்டமும் மெல்ல மெல்லக் குறைந்து, நாடியைப் பிடிக்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. உறையைத் தேடவில்லை. ஒருநாள் நானே அதை எடுத்து அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன், வெட்கம்கெட்ட ஆசையில். அவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க எந்த வீட்டுப் புள்ள?" என்றார். ஒழுங்கையில் இப்போது தயிர்க்காரர் வருகிறார். அப்பாவுக்கு மட்டும் ஒருவரும் வருவதில்லை. எனக்கு மகள் என்ற பேச்சும் அதோடு போனது. அப்பா நிம்மதியாக இருந்தார். நான் இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த கிளினிக். எனக்குத் துணி தருகிற காத்தான்குடிக் கடைக்காரருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஒருநாள் சீத்தைத் துணி வாங்கப் போனபோது, ஒரு வசனத்தைச் சிங்களத்தில் சொல்லித் தரச் சொன்னேன். "சொல்லுங்க தங்கச்சி" என்று முழக்கோலோடு நின்றார். சொன்னேன். முழக்கோலைக் கீழே வைத்தார். யார், எப்போது, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகச் சொல்லித் தந்தார். நான் பில் துண்டின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றார். ஆறு ஏழு தரம் சொல்லவைத்தார். மெசினில் இருக்கும்போதும் சொன்னேன், கிணற்றடியிலும் சொன்னேன், பஸ்ஸில் நாலு மணித்தியாலமும் சொன்னேன்.

கிளினிக்கில் வேறு டொக்டர். பழையவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். இவ ஒரு பெண், கண்ணாடி போட்டவ. கோப்பைப் புரட்டினா; முன்னையவர் மருந்தை எழுதியிருந்தார், கதையை எழுதவில்லை. பழைய குளிசையின் பெயரில் விரலை வைத்து, ஏன் வெட்டியிருக்கிறது என்று என்னைப் பார்த்தா. நடுக் கதிரை இன்னமும் வெறுமையாகத்தான் இருந்தது. கதவுக்கு வெளியே விறாந்தையில் யாரோ நிலம் துடைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது.

நான் அப்பாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்: இவர் என் அப்பா, ஊர் ஆட்களைத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர், தலை ஆடினால் இன்னும் பயப்படுகிறவர்.

டொக்டர் பேனாவை எடுத்து எழுதினா. திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். சிங்களத்தில் நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் வசனம் அது. என் பெயரைச் சொல்ல அதற்குப் பிறகுதான் பழகினேன்.